பிரித்தெடுக்க முடிந்தவை பிழைக்கின்றன

கொழும்புக்கு வந்துபோகும் வடக்குத் தமிழர் பலருக்கு இந்த நகரம் இரண்டு முனைகளால் ஆனது. தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனை. ஒன்றில் உறவினர் வீடு இருக்கும். மற்றதன் பக்கத்தில் கல்யாணத்துக்கு நகை எடுக்கும் கடை இருக்கும். சொய்சாபுரவிலிருந்து மட்டக்குளிக்குப் போகும் 155ஆம் இலக்க பஸ் இரண்டையும் இணைக்கிறது. காலி வீதியில் ஏறினால் பம்பலப்பிட்டி, நகர மண்டபம், மருதானை என்று நகரின் குறுக்கே ஓடி, துறைமுகத்தின் முதுகுப்புறத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

பொருள்களை வடிவமைப்பது என் தொழில். மின்விசிறிக் கூடு, மருந்துப் பெட்டி, போத்தல் மூடி என்று எதையாவது கணினியில் வரைவதும், அது அச்சில் வார்க்கப்பட்டு வெளிவருவதைப் பார்ப்பதுமாக வேலை நாள் கழியும். கடைத்தட்டுக்குப் போகும் வரைதான் ஒரு பொருள் எங்கள் பொறுப்பு என்ற வழக்கம் இந்தத் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. அதற்குப் பிறகு அதை யார் திறக்கிறார்கள், எது மிஞ்சுகிறது, எது எரிகிறது என்ற கேள்வி கூட்டங்களில் எழுவதே அரிது. ஆனால் ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்குச் செய்யப்போகும் பாதிப்பில் 80 விழுக்காடு வரை வடிவமைப்புக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது என்று ஐரோப்பிய ஆணையம் சொல்கிறது. அப்படியானால் அந்தப் பாதிப்பு வந்து விழும் இடங்களைப் பார்க்காமல் வரைவது சரியல்ல. அவற்றைப் பார்க்கவே வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன்.

கரையில் ஒதுங்கிய மணிகள்

வெள்ளவத்தையில் கடலைத் தொட மெரின் டிரைவைக் கடந்து, ரயில் தண்டவாளத்தையும் தாண்ட வேண்டும். தண்டவாளத்துக்கு அப்பால் அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள். அவற்றின் இடையிடையே சிறு மணல்திட்டுகள். அலை ஏறிவந்து விட்டுப்போன கோட்டில் பாசியும் தென்னோலைத் துண்டும் போத்தல் மூடிகளும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. குந்தியிருந்து மணலைக் கிளறியபோது கொஞ்ச நேரத்தில் ஒன்று அகப்பட்டது. மைசூர்ப் பருப்பு அளவு. பால்வெள்ளை நிறம், ஒரு பக்கம் தட்டை. விரலால் அழுத்தினால் நசுங்கவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று, வெயில் பட்டு மஞ்சளித்துப்போனது.

பிளாஸ்டிக் பொருள் பெரும்பாலும் முதலில் இந்த மணியாகத்தான் இருக்கிறது. இரசாயன ஆலைகள் மணியாக்கி மூட்டை கட்டி அனுப்புகின்றன. அதை உருக்கித்தான் வாளியும் பேனாவும் செய்கிறார்கள். 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. அவற்றுள் நைத்திரிக் அமிலமும் இருந்தது, இந்த மணிகளும் இருந்தன. நாள்கணக்கில் எரிந்த கப்பல் ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 தொன் மணிகள் கடலில் சேர்ந்தன. இதுவரை உலகில் பதிவான மணிக் கசிவுகளில் இதுவே மிகப் பெரியது. இறந்த ஆமைகள் கரையொதுங்கின, மேற்குக் கரை மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, அதன் மணிகள் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் கரையேறின.

என் கையில் இருந்த மணி எந்தக் கப்பலுடையது என்று மணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு பொருளாக மாறுவதற்கு முன்பே கடலுக்கு வந்துவிட்டது என்பது நிச்சயம். வரைபடத்தின் ஓரத்தில் "பொலிஎதிலீன், 40 கிராம்" என்று வடிவமைப்பாளர் எழுதும்போதே எங்கோ ஓர் ஆலையில் அந்த 40 கிராமுக்கான கணக்கு ஏறுகிறது. அது கப்பலில் வர வேண்டும். ஒரு கூட்டின் சுவர்த் தடிப்பை 2.5 மில்லிமீற்றரிலிருந்து 2 மில்லிமீற்றராகக் குறைத்து, உட்புறம் மெல்லிய விலாக்கள் வைத்து வலுவைக் காப்பாற்றினால், சுவருக்குப் போகும் மணியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். விலாவுக்குக் கொஞ்சம் செலவாகும், மீதி இலாபம்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. செலவைக் குறைக்கச் செய்கிறோம். கடலை நினைத்தும் செய்ய வேண்டிய வேலை அது.

சேலையும் சட்டையும்

காலி வீதிக்குத் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேலைக் கடைகள். துணிக்கும் வெள்ளவத்தைக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே தொடங்கிய நூற்பு நெசவாலை நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சோறு போட்டது. தமிழர்களும் மலையாளிகளும் அங்கே வேலை செய்தார்கள். ஆலை இருந்த நிலத்தில் இப்போது ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கின்றன.

ஒரு கடையில் பட்டும் பருத்தியும் ஒருபுறம், கல் ஒட்டிய சேலைகள் மறுபுறம் அடுக்கியிருந்தார்கள். விற்பனைக்கு நின்ற இளைஞர் இரண்டையும் விரித்துக் காட்டினார்.

"இந்தக் கல்லுச் சேலைதான் இப்ப நல்லா ஓடுது அண்ணா. ஆனா நாலைஞ்சு தரம் கட்டினா கல்லு விழும். பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. பட்டெண்டா பாருங்கோ, கிழிஞ்சாலும் சரிகைக்குக் காசு வரும்."

அவர் சொன்னதில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. சேலை தறியிலேயே முழு அளவுக்கு நெய்யப்படும் துணி. வெட்டு இல்லாததால் வெட்டுத்துண்டும் இல்லை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் துணியின் ஒரு கணிசமான பங்கு மேசையிலிருந்து நேரே குப்பைக்குப் போகிறது. நைந்த பருத்திச் சேலை எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு ஏணையாகும், பிறகு துடைக்கும் துணியாகும், கடைசியில் மண்ணில் மக்கும். அசல் வெள்ளிச் சரிகை போட்ட பழைய பட்டை விலைக்கு வாங்கி, எரித்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வியாபாரம் தமிழ்நாட்டில் இன்றும் நடக்கிறது. கல்லுச் சேலையில் பொலியெஸ்டர் துணியும் பிளாஸ்டிக் கல்லும் பசையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. எதையும் எதிலிருந்தும் எடுக்க முடியாது.

இலங்கையின் சரக்கு ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான். மட்டக்களப்பில் பிரண்டிக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று, நிகர காபன் வெளியேற்றம் பூச்சியம் என்ற சான்றைப் பெற்ற உலகின் முதல் ஆடைத் தொழிற்சாலையாக 2019இல் அறிவிக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் தொழிற்சாலை எவ்வளவு சுத்தமானாலும், அங்கே தைக்கப்படும் துணி எதனால் ஆனது என்பதை முடிவு செய்கிறவர் பெரும்பாலும் வேறு நாட்டில் இருக்கும் வடிவமைப்பாளர். பருத்தியோடு பொலியெஸ்டரும், இழுபடுவதற்கு எலாஸ்டேனும் கலந்துவிட்டால், அந்த ஆடையை மறுபடி நூலாக்குவது மிகக் கடினம். ஒரு நாரில் நெய்த துணிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சம்போ பை

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மதியம் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் வாழையிலை. பிறகு லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாள் வந்தது. 2017 செப்டம்பர் 1 முதல் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, கோப்பை, மாலை ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. ஓலையிலும் பிரம்பிலும் பின்னிய தட்டு, ஈர்க்குப் போனால் மாற்றிப் பின்னக்கூடியது, இற்றுப்போனால் அடுப்புக்குப் போவது. பிளாஸ்டிக் தட்டு அதன் உருவத்தை எடுத்துக்கொண்டது, குணத்தை எடுக்கவில்லை.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு சம்போ பையே சாட்சி. 2021 மார்ச் 31 முதல், 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான சிறு பைகளுக்குத் தடை. உணவும் மருந்தும் விலக்கு. தடை அளவைப் பற்றிப் பேசியது, பையின் அமைப்பைப் பற்றிப் பேசவில்லை. அளவைக் கொஞ்சம் கூட்டினால் அதே பை சட்டப்படி சரியாகிவிடும். அந்தப் பையைக் கிழித்துப் பார்த்தால் அமைப்பு தெரியும்: வெளியே அச்சடிக்க ஒரு பிளாஸ்டிக் படலம், நடுவில் காற்றையும் ஒளியையும் தடுக்க அலுமினியப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டுவதற்குப் பொலிஎதிலீன். மூன்றும் தலைமுடி அளவுகூட இல்லாத தடிப்பில் பசையால் இணைந்தவை. உலகின் எந்தத் தெருவிலும் இதைப் பொறுக்கி விற்றுக் காசு பார்க்க முடியாது. அதனால் எவரும் பொறுக்குவதில்லை.

பையை வாங்குகிறவரைக் குறைசொல்வது நியாயமல்ல. நாட்கூலிக்காரருக்கு முழுப் போத்தல் வாங்கும் காசு ஒரே நாளில் கையில் சேராது. சிறிய அளவில் வாங்க வேண்டும் என்பது உண்மையான தேவை. அதற்குச் சிறிய பைதான் வழி என்பது ஒரு வடிவமைப்பு முடிவு, அவ்வளவே. கொட்டாஞ்சேனையின் சிறு கடைகளில் தேங்காயெண்ணெயை இன்றும் அளந்து ஊற்றுகிறார்கள். போத்தலை வாங்குகிறவர் கொண்டுவருகிறார். சிலி நாட்டில் அல்கிராமோ என்ற நிறுவனம் சலவைத் திரவத்தை இதே முறையில் இயந்திரம் வைத்து விற்கிறது. சம்போவுக்கும் அப்படி ஓர் அளவைக் குழாயை வரைந்து தருவது எங்கள் துறையால் முடியாத காரியமல்ல.

பஞ்சிகாவத்தை

பஸ்ஸை மருதானையில் விட்டு பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். வாகன உதிரிப்பாகங்களுக்கு நாடெங்கும் பெயர்பெற்ற இடம். கதவுகள் ஒருபுறம், முன்விளக்குகள் ஒருபுறம், கியர் பெட்டிகள் எண்ணெய் வடியும்படி அடுக்கியபடி. எந்த ஆண்டு வண்டி, எந்த மாடல் என்று சொன்னால், கடைக்காரர் இருட்டுக்குள் போய் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் முழுதாக நீங்கியது. இடையில் 2022இல் நாடே கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது. அந்த ஐந்து ஆண்டுகளும் இலங்கையின் வீதிகளில் வண்டிகள் ஓடின. பஸ் ஓடியது, ஓட்டோ ஓடியது, இருபது வயது ஜப்பான் கார்களும் ஓடின. காரணம், அந்த வண்டிகள் கழற்றக்கூடியவையாக வரையப்பட்டிருந்தன. ஆணியும் மரையும் தரப்படுத்திய அளவுகளில் இருந்தன. ஒரு மாடலின் பாகம் அடுத்த மாடலுக்கும் பொருந்தியது. பழுதுபார்க்கத் தக்க வடிவமைப்பு என்பது பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று சிலர் சொல்வதுண்டு. ஒரு நாடு தன் கஜானா காலியானபோது அதன் மேல்தான் நடமாடியது.

செட்டியார் தெரு

அங்கிருந்து செட்டியார் தெருவுக்கு. கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் நகைகளைவிட, மாடிப்படி ஏறினால் வரும் பட்டறைகளே எனக்கு வேண்டியிருந்தன. ஒரு பத்தர் அரத்தால் வளையல் ஒன்றை இராவிக்கொண்டிருந்தார். மடியில் தோல் விரிப்பு. அதில் விழும் தூளை மெல்லிய தூரிகையால் கூட்டி ஒரு டப்பாவில் போட்டார். நாள் முடிந்ததும் தரையைக் கூட்டி அந்தத் தூசியையும் சேர்ப்பார்கள். கை கழுவும் தண்ணீர்கூட ஒரு வாளியில் தேங்குகிறது. இவையெல்லாம் பிறகு எரித்து, கழுவி, உருக்கப்பட்டுத் தங்கமாகத் திரும்பும்.

"ஐயா, பழைய நகையும் இங்கயே உருக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"பழைய நகை வராம புது நகை எது தம்பி? அம்மாவோட சங்கிலிதான் மகளுக்கு நெக்லஸ். கல்லு இருந்தா முதல்ல கல்லக் கழட்டுவோம். கழட்டுற மாதிரிதானே பதிச்சிருக்கு."

கழற்றும்படி பதிப்பது என்ற அந்த ஒழுங்கு எனக்கு மிக முக்கியமாகப்பட்டது. தங்க வேலைக்கும் அதன் கேடு உண்டு. சுத்திகரிக்கும் அமிலத்தின் புகை அந்தச் சிறு அறைகளில் வேலை செய்பவர்களின் நெஞ்சில்தான் போய்த் தங்குகிறது. சுரங்கங்களில் பாதரசம் ஆறுகளைக் கெடுக்கிறது. ஆனாலும் ஒரு கிராம் தங்கமும் குப்பைக்குப் போவதில்லை. விலைதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். விலையோடு இன்னும் இரண்டு சேர்ந்திருக்கின்றன: பொருள் என்ன, எத்தனை மாற்று என்பது எல்லோருக்கும் தெரிகிறது, அதைப் பிரித்தெடுக்கும் கை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் பிளாஸ்டிக்குக்கும் செய்யலாம்.

செய்திருக்கிறார்கள். பெட் போத்தல் அதற்கு உதாரணம். ஹொறணையில் ஈகோ ஸ்பின்டில்ஸ் என்ற நிறுவனம் பாவித்த பெட் போத்தல்களை அரைத்து பொலியெஸ்டர் நூலாக்குகிறது. 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கை கிரிக்கெட் அணி அணிந்த சட்டை, கடலோரத்தில் சேகரித்த பிளாஸ்டிக்கை மீட்டுச் செய்த நூலால் ஆனது. தெளிந்த போத்தலுக்கு விலை உண்டு என்பதால் அதைச் சேகரிக்க ஆளும் உண்டு. நிறம் கலந்த போத்தலுக்கு விலை குறைவு. அதிலிருந்து நிறமுள்ள நூல்தான் வரும். ஸ்பிரைட் 60 ஆண்டுகளுக்கு மேல் பச்சைப் போத்தலில் வந்தது. 2022இல் வட அமெரிக்காவில் அதைத் தெளிந்த போத்தலுக்கு மாற்றினார்கள். நிறுவனத்தின் அடையாளமாகவே இருந்த ஒரு நிறத்தை, போத்தல் மறுபடி போத்தலாக வேண்டும் என்பதற்காகக் கைவிட்டார்கள். வடிவமைப்பாளர் எடுக்கக்கூடிய முடிவின் வலு எவ்வளவு என்பதை அந்த ஒரு மாற்றம் காட்டுகிறது.

கொட்டாஞ்சேனை

ஜம்பட்டா தெரு வழியாகக் கொட்டாஞ்சேனைக்குள் நுழைந்தால் சந்த லூசியா பேராலயத்தின் குவிமாடம் கூரைகளுக்கு மேலே தெரிகிறது. தெருவோரத்தில், கதவளவே அகலமுள்ள ஒரு கடை. மேசை விசிறிகள், சோறு சமைக்கும் மின்பானைகள், வானொலிகள். கழுத்தில் கண்ணாடி தொங்கும் ஒரு முதியவர் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார். திறப்பதற்கென்று அதில் வழியே இல்லை. மேல்மூடியைச் சுற்றிலும் பசை. கத்தி முனையைச் செருகி, வட்டமாக நெம்பி, மூடி உடையாமல் எடுக்க அவருக்குப் பல நிமிடங்கள் ஆயின. உள்ளே ஒரு வட்டத் தகடு. அதில் மஞ்சள் பொட்டுகளாகச் சிறு விளக்குகள்.

"இதப் பாருங்க தம்பி. இந்த ஒண்ணுல கறுப்புப் புள்ளி தெரியுதா? இது போச்சு. இது போனா எல்லாம் அணைஞ்சிடும். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

எல்லாம் ஒரே தொடரில் கோத்திருப்பதால் ஒன்று எரிந்தால் மின்சாரம் நின்றுவிடுகிறது. அவர் கருகியதைச் சுரண்டி எடுத்தார். இரண்டு முனைகளையும் ஒரு துளி ஈயத்தால் இணைத்தார். குமிழைச் செருகியதும் எரிந்தது. வேலைக்கு வாங்கிய கூலி மிகச் சிறியது. மூடியை மட்டும் திருகிக் கழற்றும்படி வரைந்திருந்தால் அந்த வேலை அரை நிமிடத்தில் முடிந்திருக்கும், அவருடைய நாள்கூலியும் கூடியிருக்கும்.

அடுத்து ஒரு மேசை விசிறியைக் காட்டினார். சுருளுக்குள் ஒரு வெப்ப உருகி இருக்கிறது. மோட்டார் சூடானால் தீப்பிடிக்காமல் அது எரிந்து தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். நல்ல பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் அதைச் செப்புச் சுருளுக்குள் புதைத்து, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றியிருக்கிறார்கள். சில ரூபாய்ப் பாகம் ஒன்று எரிந்ததற்காக முழு விசிறியும் குப்பைக்குப் போகிறது. உருகி சுருளின் வெப்பத்தை உணர வேண்டும் என்பது உண்மை. அதற்காகச் சுருளின் மேல்பக்கத்தில், மூடியைக் கழற்றினால் கைக்கு எட்டும் ஒரு சிறு பொருத்தியில் அதை வைத்தால் போதும். இரண்டு வரைபடங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு விரல் அகலம்.

இவரால் திருத்த முடியாதவை முன்பு எங்கே போயின என்பதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையின் கிழக்கே புளூமண்டல். பல ஆண்டுகள் கொழும்பு மாநகரின் குப்பை இங்கேதான் மலையாக வளர்ந்தது. அதன் அடியிலேயே தமிழ், சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்தன. 2009இல் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டோடு மூடப்பட்டது. குப்பை நிற்கவில்லை, மீதொட்டமுல்லைக்கு இடம் மாறியது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த பொலித்தீன் தடைக்குப் பின்னால் அந்தச் சாவுகள் இருக்கின்றன. 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. அது மலையைக் குறைக்கும். எரிந்துபோன பொருளை மீட்காது.

இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடியது: காய்கறித் தோல், மீந்த சோறு, இலை. அதைத் தனியே எடுத்தால் பசளையாகும். பிளாஸ்டிக்கும் உலோகமும் அதனோடு கலந்து வரும்போது எல்லாமே நாறும் குப்பையாகிவிடுகின்றன. பொருளுக்குள்ளே நாங்கள் செய்யும் கலப்பும் தெருவில் நடக்கும் கலப்பும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன.

வரைமேசையில் மாற வேண்டியவை

வெள்ளவத்தை மணலில் தொடங்கிப் புளூமண்டல் வரை கண்டதில் ஒரு விதி மீண்டும் மீண்டும் தெரிந்தது: பிரிக்க முடிந்தது பிழைக்கிறது, பிரிக்க முடியாதது புதைகிறது. பட்டுச் சேலையின் சரிகை, ஜப்பான் காரின் கியர் பெட்டி, சங்கிலியில் பதித்த கல், தெளிந்த போத்தல் ஆகியவை ஒரு பக்கம். கல்லுச் சேலையும் சம்போ பையும் பசையிட்ட மின்குமிழும் மறுபக்கம். எந்தப் பக்கத்தில் சேர வேண்டும் என்பதைப் பொருள் தானாக முடிவு செய்வதில்லை. வரைந்தவர் முடிவு செய்கிறார்.

ஆகவே எங்கள் தொழிலில் உள்ளவர்கள் செய்யக்கூடியவற்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ஒரு பாகத்துக்கு ஒரே பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். அது என்ன பிளாஸ்டிக் என்பதைப் பாகத்தின் மேலேயே அச்சில் பொறிக்கலாம். பசைக்குப் பதில் திருகாணி, அதுவும் எந்தக் கடையிலும் உள்ள திருப்புளிக்குப் பொருந்தும் திருகாணி. முதலில் தேய்கிற, எரிகிற பாகத்தை முதலில் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கலாம். ஆலைகளில் ஒளியால் வகை பிரிக்கும் இயந்திரங்கள் காபன் மை சேர்ந்த கறுப்பைக் கண்டறியத் தவறுகின்றன. இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

செலவு கூடும் என்பார்கள். கொஞ்சம் கூடும். ஆனால் பசையால் மிச்சமாகும் காசு மறைந்துபோவதில்லை. கொட்டாஞ்சேனை முதியவரின் நேரமாகவும், மாநகர சபையின் குப்பை வண்டிச் செலவாகவும், குப்பைமேட்டின் அடியில் வாழ்ந்தவர்களின் உயிராகவும் அது வேறு கணக்கில் பதியப்படுகிறது. சட்டங்களும் அந்தக் கணக்கைத் திருத்தத் தொடங்கிவிட்டன. பிரான்ஸ் 2021இல் கைபேசி, தொலைக்காட்சி போன்றவற்றுக்குப் பழுதுபார்க்கும் எளிமைக்கான புள்ளியைக் காட்டச் சொல்லத் தொடங்கியது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பானப் போத்தலின் மூடி போத்தலோடு இணைந்தே இருக்க வேண்டும். 2027 பெப்ரவரியிலிருந்து சிறு மின்கருவிகளின் மின்கலத்தைப் பாவனையாளரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சூழல் வடிவமைப்புச் சட்டம் முதலில் குறிவைக்கும் பொருள்களுள் ஆடையும் ஒன்று. இலங்கையின் தையல் மேசைகளுக்கு அந்த விதிகள் வந்தே தீரும். அவர்கள் கேட்டபின் மாறுவதைவிட, இங்கே பஞ்சிகாவத்தையிலும் செட்டியார் தெருவிலும் ஏற்கெனவே உள்ள அறிவை எடுத்து நாமே முந்திக்கொள்வது மேல்.

அந்த அறிவைப் பயன்படுத்த ஒரு நடைமுறையை நான் கேட்கிறேன். பிளாஸ்டிக் பாகத்தை வார்க்கும் உருக்கு அச்சு ஒருமுறை வெட்டப்பட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் மாறாது. அதிலுள்ள குறை இலட்சக்கணக்கான பொருள்களில் படியெடுக்கப்படும். ஆகவே மாற்றம் அச்சு வெட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். மாதிரி தயாரானதும் அதை ஒரு பழுதுபார்ப்பவரின் மேசைக்குக் கொண்டுபோய், அவருடைய நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்து, கழற்றச் சொல்ல வேண்டும். எத்தனை நிமிடம் ஆயிற்று, எது உடைந்தது, எந்தப் பாகத்தை விற்க முடியும், எதை எறிய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். மொரட்டுவையிலும் சென்னையிலும் அகமதாபாத்திலும் வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்கு இந்தத் தாள் பட்டத் தேர்வின் பகுதியாக வேண்டும். நிறுவனங்களில், அந்தத் தாளில் பழுதுபார்த்தவரின் கையெழுத்து விழும் வரை அச்சு வெட்ட அனுமதி கொடுக்கக் கூடாது.